ஒரே ரிவால்வர், எத்தனையோ வேறுபாடுகள்: கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியை அடையாளம் காண்பது

2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவில் ஷெரீஃப் பேட் காரெட், ‘பில்லி த கிட்’ என்று பேர் எடுத்த இளைஞனைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது. கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாடல், .44-40 தோட்டா, வரிசை எண் 55093. அவ்வளவு விலைக்குக் காரணம் அதன் கதைதான். ஆனால் கதையைச் சொல்லாமல் எண்ணையும் தோட்டா அளவையும் மட்டும் ஒரு சேகரிப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள். 1880-ல் செய்தது, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரின் அச்சை முன்பக்கத்து ஸ்க்ரூ ஒன்று பிடித்திருக்கும், தள்ளுகம்பியின் தலை முழு வட்டமாக இருக்கும், குழலின் இடப்பக்கம் அமிலத்தால் பொறித்த எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று அடுக்கிவிடுவார்.

அவருக்கு இது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்கள் ‘வேரியேஷன்’ என்று சொல்லும் விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மாடல் போதும். 1873-இலிருந்து 1940 வரை வெளித்தோற்றம் பெரிதாக மாறாமல் வந்த துப்பாக்கி இது. அதனால் உள்ளே நடந்த சின்னச் சின்ன மாற்றங்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

முதலில் பெயர். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். இழுக்கும்போது சிலிண்டர் ஒரு அறை நகரும். விசையின் வேலை, இழுத்து வைத்த சுத்தியை விடுவிப்பது மட்டும்தான். ஆர்மி என்ற சொல், அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டதால் சேர்ந்தது.

இது ஏன் 1873-ல் வந்தது, அதற்கு முன்பே ஏன் வரவில்லை என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போட வேண்டுமானால் சிலிண்டரின் அறைகள் முழுக்கத் துளைத்தவையாக இருக்க வேண்டும். அந்தக் காப்புரிமையை ரோலின் வைட் என்பவர் 1855-ல் வாங்கிவிட்டார். அது ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் கைக்குப் போனது. 1869-ல் காலாவதி ஆகும் வரை கோல்ட் கம்பெனியால் அப்படியொரு ரிவால்வரைச் செய்ய முடியவில்லை. முன்பக்கம் மருந்தும் குண்டும் கிட்டிக்கும் பழைய முறையிலேயே இருந்தது. காப்புரிமை முடிந்த பிறகு வில்லியம் மேசன், சார்லஸ் ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள கோல்ட் தொழிற்சாலையில் புதிய மாடலுக்கு உருக்கொடுத்தார்கள். கம்பெனியைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட் 1862-லேயே இறந்துவிட்டார். அவருடைய பெயரைத் தாங்கியவற்றில் மிகப் பிரபலமான இந்தத் துப்பாக்கியை அவர் பார்த்ததே இல்லை.

எண் சொல்வது என்ன

இந்த ரிவால்வரில் வரிசை எண் ஓரிடத்தில் மட்டும் இல்லை. ஃபிரேமின், அதாவது குழலும் சிலிண்டரும் பொருந்தும் நடு உடலின் அடிப்பக்கம், அதை ஒட்டி விசையைச் சுற்றி வரும் வளையத்தின் மேல், கைப்பிடியின் பின்பட்டையில் என்று வெளியே தெரியும்படி மூன்று இடங்களில் அடித்திருப்பார்கள். ஆரம்ப காலத் துப்பாக்கிகளிலும் ராணுவத் துப்பாக்கிகளிலும் சிலிண்டரிலும் குழலிலும்கூட எண் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ‘மேட்சிங்’ என்பார்கள். புதிதாக வருபவர் கற்கும் முதல் சொல் அதுதான்.

சேகரிப்பாளர்கள் ‘முதல் தலைமுறை’ என்று அழைக்கும் துப்பாக்கிகள் 1-இலிருந்து 357859 வரை ஒரே தொடராக எண்ணிடப்பட்டவை. எந்த எண் எந்த வருடம் என்பதற்கு அச்சிட்ட அட்டவணைகள் உண்டு. 1880-ஆம் வருடம் 53,000 வாக்கில் தொடங்குகிறது, 1881 ஏறக்குறைய 62,000-ல். மேலே சொன்ன 55093 அந்த இடைவெளியில் விழுகிறது பாருங்கள். 1890 தொடங்கும்போது 130,000. 1899 தொடங்கும்போது 182,000.

இந்தக் கடைசி எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898-ஆம் வருடமோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி ‘பழம்பொருள்’ ஆகிவிடும். அதை வாங்கி விற்கப் பிற்காலத் துப்பாக்கிகளுக்கு உள்ள மத்தியக் கட்டுப்பாடுகள் பொருந்தாது. அதனால் 181,000-ல் உள்ள ஒன்றுக்கும் 183,000-ல் உள்ள ஒன்றுக்கும், பார்க்க வித்தியாசமே இல்லாவிட்டாலும், விலையில் வித்தியாசம் வரலாம்.

எண் சின்னதாக இருந்தால் பழசு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. .44 ஹென்றி ரிம்ஃபயர் என்ற, சுத்தி விளிம்பில் அடிக்கும் தோட்டாவுக்காக 1875-இலிருந்து 1880 வரை இரண்டாயிரத்துக்கும் குறைவான துப்பாக்கிகளைச் செய்தார்கள். அவற்றுக்கு மட்டும் தனியாக 1-இலிருந்து எண் போட்டார்கள். 300 என்ற எண்ணைப் பார்த்து 1874 என்று துள்ளிக் குதிப்பவர், சுத்தி தோட்டாவின் நடுவில் அடிக்கிறதா விளிம்பில் அடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் பிஸ்லி மாடல். 1894-ல் தொடங்கி ஏறத்தாழ 44,000 வரை செய்யப்பட்ட இந்த வகைக்குக் கைப்பிடியும் சுத்தியும் வேறு வடிவம். இலக்குச் சுடும் போட்டிகளுக்காக வந்தது, இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தின் பெயரைத் தாங்கியது. அதற்குத் தனி எண் தொடர் கிடையாது, பொதுத் தொடரிலேயே கலந்து வரும்.

ஒரு சின்ன ஸ்க்ரூ

சிலிண்டர் சுழலும் அச்சைப் பாருங்கள். ஃபிரேமின் முன்பகுதியில், குழலுக்குக் கீழே அது நீட்டிக்கொண்டிருக்கும். துடைப்பதற்குச் சிலிண்டரைக் கழற்ற வேண்டுமானால் இந்த அச்சை உருவ வேண்டும். ஆரம்பத்தில் முன்பக்கமிருந்து சாய்வாகச் செருகிய ஒரு ஸ்க்ரூதான் அதைப் பிடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கழற்ற முடியாது. ஸ்க்ரூ தளர்ந்தால் அச்சும் தளரும். 1892 வாக்கில், 144,000-ஐ ஒட்டி, குறுக்கே செல்லும் ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தானை இதற்குப் பதிலாகக் கொண்டுவந்தார்கள். விரலால் அழுத்தினால் போதும், அச்சு கையோடு வந்துவிடும்.

ஆனால் 144,000-ல் கோடு போட்ட மாதிரி மாறவில்லை. 1896 வரை, அதாவது சுமார் 165,000 வரை, இரண்டு வகையும் கலந்தே வெளியே வந்தன. காரணம் எளிமையானது. ஸ்க்ரூவுக்காக ஏற்கெனவே துளையிட்டு வைத்த ஃபிரேம்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றைத் தூக்கி எறிய எந்தத் தொழிற்சாலையும் சம்மதிக்காது. ஒரு சேகரிப்பாளர் மனதில் வைக்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: பாகங்கள் தீரும் வரை பழசும் புதுசும் சேர்ந்தே போகும். புத்தகத்தில் கொடுத்திருக்கும் எண், மாற்றம் தொடங்கிய இடத்தைத்தான் காட்டும். உங்கள் கையில் இருப்பது அந்த எண்ணைவிட ஆயிரம் தள்ளி இருக்கிறது என்பதற்காக ‘போலி’ என்று சொல்லிவிட முடியாது. முப்பதாயிரம் தள்ளி இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

மிச்சப் பாகம் எப்படி ஒரு தனி வகையையே உண்டாக்கும் என்பதற்கு ‘லாங் ஃப்ளூட்’ நல்ல உதாரணம். சிலிண்டரின் வெளிப்பக்கம், அறைகளுக்கு இடையே பள்ளங்கள் இருக்கும். எடையைக் குறைக்க வெட்டிய பள்ளங்கள் அவை. 1913-இலிருந்து 1915 வரை, 330,001-இலிருந்து 331,480 வரையிலான எண்களில் மட்டும் இந்தப் பள்ளங்கள் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். புது வடிவமைப்பு ஒன்றும் இல்லை. கோல்ட் கம்பெனி முன்பு 1878 டபுள் ஆக்‌ஷன் என்ற வேறொரு மாடலைச் செய்துவந்தது. அதை நிறுத்திய பிறகு மிஞ்சிய சிலிண்டர்களைச் சற்றுத் திருத்தி இதில் போட்டுத் தீர்த்தார்கள். அன்றைக்குக் கணக்குப்பிள்ளை செய்த சிக்கனம், இன்றைக்குத் தேடி அலையும் அரிய வகை. இதையே எதிர்ப்பக்கமிருந்தும் பார்க்கலாம்: 250,000-ல் உள்ள ஒரு துப்பாக்கியில் நீளப் பள்ளச் சிலிண்டர் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அச்சுக்கே திரும்புவோம், ஏனென்றால் இங்கே ஆபத்தான ஒரு தவறான புரிதல் பரவியிருக்கிறது. ஸ்க்ரூ உள்ளதைக் ‘கருமருந்து ஃபிரேம்’ என்றும், பொத்தான் உள்ளதைப் ‘புகையில்லா மருந்து ஃபிரேம்’ என்றும் சொல்வது வழக்கம். கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்த்த பழைய வெடிமருந்து. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த புகையில்லா மருந்து அதைவிட மிக அதிக அழுத்தத்தை உண்டாக்கக்கூடியது. பொத்தானுக்கும் மருந்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. புகையில்லா மருந்தைத் தாங்கும் என்று கோல்ட் உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது 1900 வாக்கில்தான், சுமார் 192,000-க்கு மேல். ஆக 165,000-க்கும் 192,000-க்கும் இடையில் உள்ளவற்றில் பொத்தான் இருக்கும், உத்தரவாதம் இருக்காது. பெயரை நம்பி அதில் நவீனத் தோட்டாவைப் போட்டால் சிலிண்டரே பிளக்கலாம். பழம்பொருளாக வைத்திருப்பவர்கள் இவற்றைச் சுடாமல் இருப்பதே நல்லது. கையில் எடுத்தவுடன் ஆறு அறையும் காலியா என்று பார்த்துவிட வேண்டும், அது எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி.

தள்ளுகம்பியைப் பற்றிச் சொன்னேன். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ள குழலுக்கு வலப்பக்கம் ஒரு கம்பி இருக்கும். விரல் வைக்கும் அதன் தலை 1880-களின் தொடக்கம் வரை நடுவில் பள்ளம் உள்ள முழு வட்டம். அதன்பிறகு பிறை வடிவம். இது எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பாகம் என்பதால், இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ராணுவத் துப்பாக்கிகள்

1873-இலிருந்து 1891 வரை அமெரிக்க ராணுவம் சுமார் 37,000 வாங்கியது. எல்லாம் .45 தோட்டா, 7½ அங்குலக் குழல், வால்நட் மரக் கைப்பிடி. ஃபிரேமின் இடப்பக்கம் அரசுச் சொத்து என்பதற்கான இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். தொழிற்சாலைக்கே வந்து ஒவ்வொன்றையும் சோதித்து வாங்கிய பரிசோதகர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் பாகங்களிலும் மரக் கைப்பிடியிலும் அடித்தார்கள். 1873-74-ல் ஆர்வில் ஐன்ஸ்வொர்த், 1878-ல் ஹென்றி நெட்டில்டன், 1880-களில் பெரும்பகுதி டேவிட் கிளார்க். நெட்டில்டன் சோதித்தவை எண்ணிக்கையில் குறைவு, அதனால் கிராக்கி. ஐன்ஸ்வொர்த் சோதித்தவற்றுக்கு வேறு காரணம்: 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென், அரபாஹோ பழங்குடி வீரர்களிடம் தோற்ற, தளபதி கஸ்டரின் அமெரிக்க ஏழாவது குதிரைப்படை வைத்திருந்தவை இந்தத் தொகுதியிலிருந்து வந்தவை. அந்தக் களத்தில் கிடந்த ஒன்று என்று நிறுவ முடிந்தால் விலைக்கு எல்லையே இல்லை. அதனாலேயே இந்த முதலெழுத்துகளைப் போலியாக அடிப்பவர்களும் அதிகம்.

இதற்கு அடுத்து வருவதுதான், ‘மேட்சிங்’ என்ற பாடத்தை அப்படியே தலைகீழாக்கும் வகை. 1895-இலிருந்து ராணுவம் தன் கிடங்குகளில் இருந்த பழைய ரிவால்வர்களைத் திரட்டி, குழலை 5½ அங்குலமாக வெட்டிப் புதுப்பித்தது. இந்த வேலை ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையிலும் நடந்தது. அங்கே துப்பாக்கிகளைப் பிரித்து, ஃபிரேம்கள் ஒரு குவியல், சிலிண்டர்கள் ஒரு குவியல் என்று வைத்து, திரும்பச் சேர்க்கும்போது எண்ணைப் பார்க்காமல் கைக்கு வந்ததைப் பூட்டினார்கள். ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்று அழைக்கப்படும் இவற்றில் ஃபிரேமுக்கு ஒரு எண், வளையத்துக்கு ஒரு எண், குழலுக்கு ஒரு எண் என்று இருப்பதுதான் முறை. எண்கள் ஒத்துப்போகும் ஆர்ட்டிலரி மாடல் ஒன்று வந்தால் அதைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. வெட்டுப்படாமல் தப்பிய 7½ அங்குலக் குதிரைப்படைத் துப்பாக்கி, எண்கள் ஒத்து இருந்தால், மிக அரிது. வெட்டிய குழலை எடுத்துவிட்டு நீளக் குழலை மாட்டி விற்கும் மோசடியும் இதனால்தான் நடக்கிறது.

பொதுமக்களுக்கு விற்றவற்றில் குழல் நீளம் 7½, 5½, 4¾ அங்குலம் என்று மூன்று. தள்ளுகம்பியே இல்லாத குட்டைக் குழல் வகையும் உண்டு. தோட்டா அளவுகள் முப்பதுக்கும் மேல். ஆனால் ஏறத்தாழ பாதி .45 தான். அடுத்து .44-40. வின்செஸ்டர் கம்பெனியின் 1873 ரைஃபிளில் போடும் அதே தோட்டா அது. ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா வாங்கினால் போதும் என்பது எல்லைப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரிய வசதி. அதனால் இந்த வகைக்கு மட்டும் ‘கோல்ட் ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்’ என்று குழலில் பேர் போட்டார்கள். 1889 வாக்கு வரை அமிலத்தால் பொறித்த எழுத்து, அதற்குப் பிறகு அச்சு உருட்டி அழுத்திய எழுத்து. அமில எழுத்து ஆழமே இல்லாதது. தோல் உறையில் செருகிச் செருகி எடுத்தாலே தேய்ந்துவிடும். அதனால் 1880-களின் துப்பாக்கியில் அது பாதி மறைந்திருப்பது இயல்பு. பளிச்சென்று இருந்தால், மற்ற பாகங்களும் அதே அளவு புதிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேற்பரப்பு

ஃபிரேமில் நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம் மேகமாகக் கலந்த ஒரு நிறம் இருக்கும். வண்ணம் பூசி வந்தது இல்லை அது. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைத்த பெட்டிக்குள் ஃபிரேமை வைத்துப் பழுக்கக் காய்ச்சி, நீரில் சட்டென்று அமிழ்த்துவார்கள். கரியின் கார்பன் இரும்பின் மேல்தோலில் ஏறி அதைக் கடினமாக்கும். நிறம் அதன் பக்க விளைவு. குழலும் சிலிண்டரும் கருநீலம். விரும்பிக் கேட்டவர்களுக்கு நிக்கல் முலாம்.

வெயில் பட்டாலும் கை பட்டாலும் இந்த மேக நிறம் மெல்ல மங்கிச் சாம்பலாகிவிடும். சாம்பலாக இருப்பது குறை இல்லை. யாரோ அதை மெருகேற்றிப் புதுசாக்கியதுதான் குறை, விலையை அரைவாசிக்கும் கீழாக இறக்கிவிடும். புதுப்பித்ததைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். ஸ்க்ரூ துளைகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்தபோது விளிம்பு கூர்மையாக, ஸ்க்ரூவின் தலை ஃபிரேமோடு சமமாக இருக்கும். பின்னால் மெருகுச் சக்கரத்தில் கொடுத்திருந்தால் துளையைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருக்கும். ஃபிரேமின் இடப்பக்கம் உள்ள காப்புரிமைத் தேதிகளையும் பாருங்கள். எழுத்தின் ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் மங்கலாகவும் இருந்தால் அதன்மேல் அரம் அல்லது சக்கரம் போயிருக்கிறது. அந்தத் தேதிகளே வயதுக்கும் ஒரு சான்று: முதலில் 1871, 1872 என்று இரண்டு தேதிகள்தான் இருந்தன. 1877 வாக்கில் 1875-ஆம் வருடத் தேதியும் சேர்ந்தது. 1890-ஐ ஒட்டி, கம்பெனியின் பாயும் குதிரை முத்திரை பக்கத்தில் வந்தது.

கம்பெனியின் பதிவேடு

கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவு, கட்டணம் கட்டி வரிசை எண்ணை அனுப்பினால், பழைய ஏடுகளைப் பார்த்து ஒரு கடிதம் தருகிறது. எந்தத் தோட்டா, எத்தனை அங்குலக் குழல், என்ன மேற்பூச்சு, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது என்ற விவரம் அதில் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனின் தந்தக் கைப்பிடி போட்ட .45 ரிவால்வர் 1916 மார்ச்சில் டெக்சாஸின் எல் பாசோ நகரத்துக் கடைக்குப் போனது என்பது ஏட்டில் இருக்கும் செய்தி.

ஏடு தவிர, வாடிக்கையாளர்கள் எழுதிய சில கடிதங்களும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, முன்னாள் ஷெரீஃப் பேட் மாஸ்டர்சன் 1885 ஜூலையில் கேன்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியிலிருந்து ஒரு மதுக்கடையின் கடிதத்தாளில் எழுதியது. நிக்கல் முலாம் போட்ட .45 ஒன்று வேண்டும், விசை இலகுவாக இருக்க வேண்டும், முன்பார்வைக் குறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும், குழல் தள்ளுகம்பியின் நீளத்துக்கு இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறார். அதாவது 4¾ அங்குலம். துப்பாக்கியை நம்பிப் பிழைத்த ஒருவருக்கு எது எது முக்கியமாகப் பட்டது என்பது இதில் அப்படியே தெரிகிறது. ‘அரிய வகை’ என்று நாம் பட்டியலிடும் பலவும் இப்படி ஒருவர் தபாலில் கேட்டு வாங்கியவைதான்.

ஆவணக் கடிதத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தெளிவு வேண்டும். அந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு எப்படிப் போனது என்பதை அது சொல்லும். உங்கள் முன்னால் இருப்பது அதே துப்பாக்கிதானா என்பதை அது சொல்லாது. கடிதத்தில் 7½ அங்குலம், நீலம் என்று இருந்து கையில் 4¾ அங்குலம், நிக்கல் என்று இருந்தால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எல்லாம் ஒத்துப்போனாலும் எண்ணின் இலக்கங்களைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மூன்று இடத்திலும் இலக்கங்களின் வடிவமும் அளவும் ஆழமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்ணுக்கு அடியில் உலோகம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருந்தால், பழைய எண்ணை அராவிவிட்டுப் புதியதை அடித்திருக்க வாய்ப்பு உண்டு. கடிதத்தில் தனிச்சிறப்பான ஒரு விவரம் இருக்கும்போது, உதாரணமாக ஒரு பிரபலமான பெயர் வரும்போது, இந்தச் சோதனையை இரண்டு மடங்கு பொறுமையோடு செய்ய வேண்டும்.

1956-ல், தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கோல்ட் இந்த மாடலை மறுபடி தொடங்கியது. அந்த இரண்டாம் தலைமுறைத் துப்பாக்கிகளில் எண்ணுக்குப் பின்னால் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் வரும். 1976-ல் தொடங்கிய மூன்றாம் தலைமுறையிலும் அந்த எழுத்துகள் உண்டு. இத்தாலியின் உபெர்ட்டி போன்ற கம்பெனிகள் செய்யும் நகல்களும் சந்தையில் ஏராளம். எஸ்.ஏ. எழுத்து இருந்தால் முதல் தலைமுறை இல்லை என்று உடனே முடிவு செய்துவிடலாம். எழுத்து இல்லாவிட்டால், முதலில் எண், பிறகு அச்சைப் பிடிப்பது ஸ்க்ரூவா பொத்தானா, பிறகு காப்புரிமைத் தேதிகள், பிறகு குழலின் எழுத்து, கடைசியாகத்தான் பளபளப்பு என்ற வரிசையில் பார்த்துப் பழகுங்கள். விற்பவர் சொல்லும் கதையை அதற்கும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.